உறை பிரிக்காத மெத்தை

என் கணவர் முப்பது வருடத்துக்கு மேல் பேருந்து ஓட்டினார். அருமனையில் எடுத்து, குழித்துறை வழியாக நாகர்கோவில், திரும்ப அதே வழி. எங்கள் பக்கத்துச் சாலைகள் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கி, வளைந்து வளைந்துதான் போகும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் செய்வது, வாசல் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இடுப்பைப் பின்பக்கமாக வளைப்பதுதான். எலும்பு சொடுக்கும் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கும். உடனே நான் சாயாவுக்கு அடுப்பைப் பற்ற வைப்பேன். ஆள் வந்துவிட்டார் என்பதற்கு அந்தச் சத்தம் எனக்கு ஓர் அடையாளம். அது வலியின் சத்தம் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

நான் பக்கத்து ஊர்ப் பள்ளியில் தையல் டீச்சராக இருந்தேன். கிழிந்ததைத் தைப்பது என் தொழில் மட்டும் அல்ல, பெருமையும்கூட. எங்கள் வீட்டில் தலையணை உறைகள் பழைய சேலையில் பிறந்தவை. துண்டு நைந்தால் கைப்பிடித் துணியாகும், அது நைந்தால் தரை துடைக்கப் போகும். கல்யாணத்தின்போது என் வீட்டிலிருந்து வந்த இலவம்பஞ்சு மெத்தையையும் அப்படித்தான் வைத்திருந்தேன். ஒவ்வொரு பங்குனியிலும் மொட்டைமாடியில் வெயிலில் போட்டு, தையலைப் பிரித்து, உள்ளே கட்டி கட்டியாக இறுகிக் கிடக்கும் பஞ்சை விரலால் பிய்த்து உதிர்த்து, மறுபடி தைத்துவிடுவேன். ஒரு மாதம் நன்றாக இருக்கும். அப்புறம் பஞ்சு ஓரங்களுக்கு ஓடிவிடும். நடுவில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்குப் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில்தான் அவர் படுத்தார். நான் சின்ன வயதிலிருந்தே தரையில் பாய் விரித்துப் படுத்துப் பழகியவள். அதனால் அந்த மெத்தை எப்படி இருக்கிறது என்று என் முதுகுக்குத் தெரியாது.

பணம் இல்லாமல் அப்படி இருந்தோம் என்று சொன்னால் பொய். இரண்டு பேர் சம்பளம் வந்தது. வீட்டு முகப்பில் கிரானைட் போட்டோம். பழைய மரக் கேட்டை எடுத்துவிட்டு, பளபளவென்று ஸ்டீல் கேட் வைத்தோம். சபையிலிருந்து ஜெபக் கூட்டத்துக்கு வந்தவர்கள் அந்தக் கேட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். கேட்டைப் பார்க்க ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் கண் இருக்கிறது. படுக்கையறை மெத்தையை யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? இப்படி நான் வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் என் கை செலவழித்ததெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

எங்கள் ஒரே மகள் எட்டாம் வகுப்புப் படித்த வருடம் மாடியில் ஓர் அறை கட்டினோம். அப்போது ஓமானில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் தம்பி விடுமுறைக்கு வந்திருந்தான். ஒரு சாயங்காலம், அவர் வாசல் நிலையைப் பிடித்து வளைவதை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். மூன்றாவது நாள் ஒரு டெம்போ வந்து கேட் முன்னால் நின்றது. இரண்டு பேர் பெரிய மெத்தை ஒன்றை இறக்கினார்கள். சுத்தமான ரப்பர் பாலில் செய்த மெத்தை. தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் நீல நிறத்தில் பூப்போட்ட துணி தெரிந்தது. சுற்றிலும் ரப்பர் மரங்கள் நிற்கிற ஊரில் இருந்துகொண்டு, அந்தப் பாலில் மெத்தை செய்வார்கள் என்பதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

"அக்கா, இது அத்தானுக்காக்கும்," என்றான் தம்பி. "நாள் முழுக்க வண்டியில குலுங்குத மனுசன். ராத்திரியாவது இடுப்பு நேரா கெடக்கட்டும். அந்தப் பஞ்சு மெத்தையத் தூக்கி வெளிய போடு."

"இவ்வளவு வெல கூடினத எதுக்குடே வாங்கின?" என்று கேட்டேனே தவிர, எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். மெத்தையை அழுத்திப் பார்த்தேன். கையை எடுத்ததும் பள்ளம் மறைந்து சமமானது. இவ்வளவு நல்ல பொருளை, வேர்வையோடும் டீசல் நாற்றத்தோடும் வருகிற ஆள் படுக்கிற கட்டிலில் போட எனக்கு மனம் வரவில்லை. மாடி அறைக் கட்டிலில் போடச் சொன்னேன். தம்பி அடுத்த தடவை குடும்பத்தோடு வரும்போது படுக்க ஒரு நல்ல இடம் வேண்டாமா? நாளைக்கு மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் தங்கினால்? அவன் ஓமானுக்குத் திரும்புகிற அவசரத்தில் இருந்தான், கவனிக்கவில்லை. என் கணவர் கவனித்தார். மாடிப்படியில் மெத்தை ஏறுவதைப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனார்.

பிளாஸ்டிக் உறையை நான் பிரிக்கவில்லை. பிரித்தால் தூசி படியும். சனிக்கிழமைதோறும் மாடிக்குப் போய் ஈரத்துணியால் உறையைத் துடைத்துவிட்டு வருவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, மத்தியானம் சாப்பிட்டபின் அவரைக் காணவில்லை. கடைப்பக்கம் போயிருப்பார் என்று நினைத்தேன். காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போனபோது அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அவர் அந்த மெத்தையில் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் உறையின் மேலேயேதான். சட்டை வேர்வையில் நனைந்து உறையோடு ஒட்டியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. இரண்டு கைகளும் இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தன. வீட்டில் அவர் அப்படிப் படுத்து நான் பார்த்ததே இல்லை. எப்போதும் ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் தூங்குவார்.

நான் அவரை எழுப்பினேன்.

"இஞ்ச பாருங்க, எழும்புங்க. வேர்வ பட்டா கவரு கெட்டுப் போவும். கீழ போய்ப் படுங்க."

அவர் கண் விழித்து என்னையும் பார்த்தார், உறையையும் பார்த்தார். சிறு பிள்ளை போல உள்ளங்கையால் உறையிலிருந்த வேர்வையைத் துடைத்துவிட்டு எழுந்தார். "கொஞ்ச நேரம் படுத்தேன். அசந்து போச்சு," என்றார். கீழே போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் அந்த அறைக்குள் போனதாக எனக்கு நினைவில்லை.

இரண்டு வருடம் கழித்துத் தம்பி வந்தான். மாடி அறையில் விரிப்பெல்லாம் போட்டு வைத்திருந்தேன். அவன் மேலே போன வேகத்தில் இறங்கி வந்தான். "மேல என்னா வெக்க! நான் ஹால்ல ஃபேனுக்குக் கீழ பாய் விரிச்சுக்கிடுதேன் அக்கா," என்றான். மறுநாள் காலையில் சாப்பிடும்போது கேட்டான்: "அத்தானுக்கு வேற மெத்த வாங்கினியளா? மேல கெடக்குதது நான் வாங்கித் தந்ததுபோல இருக்கே?"

"அது போல இன்னொண்ணு வாங்கியாச்சு. அதுலதான் படுக்காரு," என்றேன். அவ்வளவு சுலபமாக எனக்குப் பொய் வந்தது. எதிரில் உட்கார்ந்து புட்டும் கடலைக்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் தலையைத் தூக்கவில்லை. "எப்பிடி இருக்கு அத்தான்?" என்று தம்பி அவரிடமே கேட்டான். "கொள்ளாம், நல்லா இருக்கு," என்றார் அவர்.

இனி சொல்லப்போவதுதான் எனக்குச் சொல்லக் கஷ்டமானது.

எங்கள் வீட்டில் காலை நேரம் நன்றாக இருக்காது. அவர் எழுந்ததிலிருந்து வேலைக்குப் புறப்படுகிற வரைக்கும் நானும் மகளும் ஓசைப்படாமல் நடப்போம். பாத்திரம் விழுந்தால் கத்துவார். குழாயில் வெள்ளம் சொட்டினால் கத்துவார். ரேடியோ போடக் கூடாது. மகள் சத்தமாக வாசிக்கக் கூடாது. சாயங்காலம் வரும்போது அதே மனுஷர் வேறு ஆளாக, களைத்து, அமைதியாக வருவார். "அப்பா காலையில அப்பிடித்தான். சுபாவம்," என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தேன். அவள் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே, அவர் எழுவதற்கு முன்னால் டியூஷன் என்று சொல்லி வீட்டை விட்டுப் போகப் பழகினாள். பல நாள் டியூஷன் இருக்காது. சர்ச் படிக்கட்டில் உட்கார்ந்து படித்துவிட்டு அப்படியே பள்ளிக்கூடம் போவாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அவள் பிளஸ் டூ படிக்கும்போது ஒருநாள் காலை, செய்முறைத் தேர்வுக்காகத் தாவரவியல் ரெக்கார்டு நோட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, விட்டுப்போன படங்களுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். வெளியே நல்ல மழை. அவர் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். முதல் நாள் இரவு முழுக்க அவர் கட்டிலில் புரண்டுகொண்டிருந்ததை நான் கேட்டிருந்தேன். "சாப்பிடுத எடமா, பள்ளிக்கூடமா இது?" என்றார். அவள், "ரெண்டு நிமிசம்பா," என்றாள். அந்த இரண்டு நிமிடத்தை அவரால் பொறுக்க முடியவில்லை. நோட்டை எடுத்துச் சன்னல் வழியாக முற்றத்தில் வீசினார்.

அவள் அழவில்லை. மழையில் இறங்கிப் போய் நோட்டை எடுத்து வந்தாள். ஒரு வருடமாக வரைந்த இலைகளும் வேர்களும் பூக்களும் ஒன்றோடொன்று கலந்து பச்சையும் சிவப்புமாக ஓடின. நான் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி ஒவ்வொரு தாளாகக் காய வைத்தேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "போதும்மா, விடுங்க," என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அவர் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம் ஒன்றை வாங்கி வந்து அவள் மேசையில் வைத்தார். மன்னிப்புக் கேட்கிற வார்த்தை அவரிடம் இல்லை, அந்தப் பொட்டலம்தான் கேட்டது. பொட்டலம் ஒரு வாரம் அப்படியே கிடந்தது. பிறகு நான் எடுத்து எறிந்தேன்.

கல்லூரிக்குக் கோயம்புத்தூர் போனாள். வேலைக்குப் பெங்களூர். அங்கேயே கூட வேலை பார்த்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணம் இங்கே எங்கள் சபையில்தான் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் மார்த்தாண்டத்தில் லாட்ஜில் தங்கினார்கள். மாடி அறைக்கு யாரும் வரவில்லை. வருடத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் வருவாள். அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து ரயில் நேரம் பேசுவார்கள்.

அவர் ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போது இடது கால் மரத்துப்போக ஆரம்பித்தது. கிளட்ச்சை மிதிக்கிற கால். மார்த்தாண்டத்தில் ஓர் எலும்பு டாக்டரிடம் போனோம். படம் எடுத்துப் பார்த்தார். முதுகெலும்பில் தட்டு விலகி நரம்பை அழுத்துகிறது என்றார். மருந்து எழுதிக்கொண்டே, "எதுல படுக்கீங்க?" என்று கேட்டார்.

"மெத்தையிலதான் சார்," என்றார் என் கணவர்.

"என்ன மெத்த? எத்தன வருசம் ஆச்சு?"

அவர் என்னைப் பார்க்காமல் பதில் சொன்னார்: "நல்ல மெத்ததான் சார். ரப்பர் மெத்த. எனக்க மச்சினன் வாங்கித் தந்தது."

டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். எனக்கு அந்த அறையில் நிற்க முடியவில்லை. என்றைக்கோ நான் சொன்ன பொய்யை அந்த மனுஷர் இன்னும் எனக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். "இல்ல டாக்டர், பழைய பஞ்சு மெத்த. நடுவுல குழிஞ்சு கெடக்கும்," என்று நான் சொன்னேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "அத இன்னைக்கே மாத்துங்க," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் மாடிக்கு ஓடினேன். கத்திரிக்கோலால் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தேன். பூசண நாற்றம் முகத்தில் அடித்தது. சாரல் மழையும் ஐப்பசி மழையும் மாறி மாறிப் பெய்கிற எங்கள் ஊர் ஈரமும், கான்கிரீட் கூரையின் வெக்கையும் உறைக்குள்ளேயே அடைந்து கிடந்திருக்கின்றன. மேலே நீலப் பூக்கள் அப்படியே இருந்தன. புரட்டினால் அடித்துணி முழுக்கக் கறுப்புப் புள்ளி. அழுத்தினேன். விரல் பட்ட இடத்தில் மெத்தை, காய்ந்த ரொட்டி மாதிரி பொடிந்து உதிர்ந்தது. அவர் வேர்வையோடு படுத்த அந்த ஒரு மத்தியானத்தைத் தவிர அதன்மேல் யாரும் படுத்ததில்லை.

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்து வாசலில் நின்றார். நான் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். "போட்டு, போனது போவட்டும். எழும்பு," என்றார். "ஒரு மெத்தைக்கா இப்பிடிக் கரையுத?"

மறுநாளே குழித்துறைக்குப் போய், கடையிலிருந்த மெத்தைகளில் நான்கைந்தில் அவரைப் படுக்கச் சொல்லிப் பார்த்து, அவர் இடுப்புக்குப் பிடித்ததை வாங்கினேன். கடைக்காரர் எதிரில் படுக்க அவருக்குக் கூச்சம். "எல்லாம் ஒண்ணுதான், வா போவோம்," என்றுகொண்டே இருந்தார். வீட்டில் இறக்கியதும் டெம்போக்காரர்கள் எதிரிலேயே உறையைக் கிழித்துப் போட்டேன். கழுத்துக்குச் சரியான உயரத்தில் தலையணை, துவைக்கத் துவைக்க மிருதுவாகிற பருத்தி விரிப்பு, கால் வழுக்காத நல்ல செருப்பு என்று அந்த ஒரு வாரத்தில் என்னென்னவோ வாங்கினேன். எங்கள் இரண்டு பேருக்கும் வாழ்க்கையில் பாதியாவது மிச்சம் இருந்தபோது வாங்கியிருக்க வேண்டியவை.

முதல் நாள் காலையில் அவர் எழும்பவே இல்லை. வெயில் கட்டில் வரைக்கும் வந்துவிட்டது. பயந்துபோய்த் தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்து, கொஞ்ச நேரம் மேலே ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "ஏட்டி, நான் இத்தன வருசமும் ஒறங்கவே இல்லியாக்கும்."

குறையாகச் சொல்லவில்லை. ஆச்சரியமாகச் சொன்னார். குறையாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கால் மரப்பு முழுதாகப் போகவில்லை, இப்போதும் தூரம் நடந்தால் வரும். மிச்சமிருந்த ஆறு மாதமும் அவரைப் பேருந்து ஓட்டவிடாமல் டிப்போவில் உட்கார வைத்தார்கள். ஆனால் எங்கள் வீட்டுக் காலைகள் மாறின. எனக்கு முன்னாலேயே எழுந்து சாயா போட்டு எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தார். சர்ச் பாட்டுப் புத்தகத்திலிருந்து ஏதாவது முணுமுணுத்தார். ஒருநாள் என் கையிலிருந்து குக்கர் மூடி தரையில் விழுந்து உருண்டது. பழக்கத்தில் எனக்கு உடம்பு விறைத்துவிட்டது. அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "கால்ல விழல்லியே?" என்று கேட்டார்.

எல்லாம் மெத்தையால்தான் என்று நான் சாதிக்க மாட்டேன். வேலையின் பாரம் குறைந்ததும் ஒரு காரணம், வயதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நல்ல தூக்கம் கிடைத்த அந்த முதல் வாரத்திலேயே, ஓய்வு பெறுவதற்கு முன்னாலேயே, நான் இந்த மாற்றத்தைப் பார்த்துவிட்டேன். சுபாவம் என்று நான் பெயர் வைத்தது வலியும் தூக்கமின்மையும்தான் என்று என் மனதுக்குத் தெரியும்.

போன கிறிஸ்துமஸுக்கு மகள் வந்தாள். காலையில் அவள் எழுந்து வந்தபோது அவர் சாயாவை நீட்டி, "மக்ளே, நல்லா ஒறங்கினியா?" என்று கேட்டார். அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு நேராகச் சமையலறைக்கு வந்தாள்.

"அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு?" என்றாள் குரலைத் தாழ்த்தி. "உடம்புக்கு ஏதாவது பெருசா இருக்கா? எங்கிட்ட மறைக்கிறீங்களா?"

அவர் அன்பாக ஒரு வார்த்தை கேட்டதும், அவளுக்கு நோய்தான் நினைவுக்கு வந்தது. தேங்காய் துருவிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி வாங்கித் தந்தது, நான் மாடியில் போட்டது, அந்த ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் அறை, பூசணம். சொல்லிவிட்டால் அப்பாவை அவள் மன்னித்துவிடுவாள் என்று எனக்கு ஓர் எண்ணம். மன்னிக்கவும் செய்தாள் என்றுதான் நினைக்கிறேன். அவள் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல இளகுவதைப் பார்த்தேன். அப்புறம் அந்த இறுக்கம் என் பக்கம் திரும்பியது.

"மாமா அந்த மெத்தைய வாங்கும்போது நான் எட்டாம் கிளாஸ், இல்லியாம்மா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"எட்டாம் கிளாஸ்," என்று இன்னொரு தடவை சொன்னாள். சாயா டம்ளரைத் தொட்டியில் கழுவி வைத்துவிட்டு வெளியே அப்பா இருந்த இடத்துக்குப் போனாள். பால் வெட்டுகிற இடத்தில் மழை படாமல் ரப்பர் மரத்துக்குக் காப்புக் கட்டுவதைப் பற்றி அவர் ஏதோ சொல்ல, அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். "மக்ளே, எனக்கு அப்போ புரியல்ல," என்று போய்ச் சொல்லலாம். ஆனால் எனக்கு அப்போதே புரிந்திருந்தது. உடம்பு வலிக்கிற ஒருவர் நல்ல படுக்கையில் படுக்க வேண்டும் என்பது புரியாத அளவுக்கு நான் ஒன்றும் அறியாதவள் இல்லை. அவருக்கு அந்தப் பஞ்சு மெத்தை போதும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

இப்போது அவள் வாரம் ஒருமுறையாவது கூப்பிடுகிறாள். முன்பு என் போனுக்கு வரும் அழைப்பு, இப்போது அவர் போனுக்கு வருகிறது. அவர் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து உரக்கப் பேசுவார், சிரிப்பார். அப்பாவும் மகளும் இவ்வளவு பேசுவார்கள் என்று பத்து வருடம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அது எனக்குச் சந்தோஷம்தான். கையைத் துடைத்துக்கொண்டு கதவுப் பக்கம் வந்து நிற்பேன்.

"அம்ம இஞ்ச நிக்கிறா. குடுக்கட்டா?" என்று கேட்பார். கொஞ்ச நேரம் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். "சரி மக்ளே, வேல கெடக்கும், நீ பாரு. நான் சொல்லுதேன்," என்பார்.

போனை வைத்துவிட்டு, அன்று டாக்டர் அறையில் போலவே என்னைப் பார்க்காமல், "உன்ன விசாரிச்சா," என்று சொல்வார்.